107 மீட்டர்: மாசசூசெட்ஸ் தூய எரிசக்தி மையமும் அதன் இறக்கைச் சோதனைக்கூடமும்

மாசசூசெட்ஸ் கடலோரத்தில் கேப் விண்ட் என்ற காற்றாலைத் திட்டம் பேசப்பட்ட காலத்தில் அதற்குத் தேர்வான எந்திரம் சீமென்ஸின் 3.6 மெகாவாட் காற்றாலை. அதன் சுழலி வரையும் முழு வட்டத்தின் விட்டம் 107 மீட்டர். அந்தத் திட்டம் கடைசிவரை எழும்பவே இல்லை. பிறகு அதே மாநிலத்துக்குத் தெற்கே கடலில் எழுந்த வின்யார்ட் விண்ட் காற்றாலைகளில் ஒற்றை இறக்கையின் நீளமே 107 மீட்டர். சென்னை அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டிடம் போல இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் படுக்கப் போட்டால் ஏறக்குறைய அந்த நீளம் வரும்.

இந்த இரண்டு 107-களுக்கும் நடுவே அந்த மாநிலத்தின் தூய எரிசக்தி மையம் இரண்டு பெரிய வசதிகளைத் தன் கையில் வைத்திருந்தது. ஒன்று பாஸ்டனில் இறக்கைச் சோதனைக்கூடம், மற்றொன்று நியூ பெட்ஃபோர்டில் கனரகத் துறைமுக முனையம். ஆய்வு வளர்ச்சி முகமைகளைப் பற்றிய அறிக்கைகளில் எத்தனை மானியம் தந்தார்கள், எத்தனை ஸ்டார்ட்-அப் முளைத்தது என்ற கணக்குதான் வழக்கமாக வரும். இந்த ஆய்வு பெரும்பாலும் கான்கிரீட், வின்ச், பசை பற்றியது.

முகமையும் பணமும்

2008-இல் ஆளுநர் டெவல் பேட்ரிக் கையெழுத்திட்ட பசுமை வேலைவாய்ப்புச் சட்டத்தால் பிறந்தது இந்த மையம். நேரடி அரசுத் துறை அல்ல. அரைப் பொது அமைப்பு. மாநிலத்தில் ஏற்கெனவே இருந்த புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அறக்கட்டளையை 2009-இல் தன்னுள் இழுத்துக்கொண்டது. அதோடு அந்த அறக்கட்டளையின் வருமானமும் வந்து சேர்ந்தது. தனியார் மின் விநியோக நிறுவனங்களின் வாடிக்கையாளர் ஒவ்வொருவரின் பில்லிலும் ஒரு யூனிட்டுக்கு 0.0005 டாலர் பிடித்தம் செய்கிறார்கள். மாதம் 600 யூனிட் ஓட்டும் வீட்டுக்கு இது 30 சென்ட். நகராட்சி மின்நிலையங்கள் கட்டாயம் கட்ட வேண்டியதில்லை. விரும்பினால் சேரலாம், சேர்ந்தால்தான் அந்த ஊருக்குத் திட்டங்கள் கிடைக்கும்.

இந்தப் பிடித்தத்தின் பெருமை அதன் அளவில் இல்லை, ஒழுங்கில் இருக்கிறது. ஆண்டுதோறும் பட்ஜெட்டில் கையேந்தி நிற்கும் முகமையால் 20 ஆண்டு உழைக்க வேண்டிய சோதனை மேடையைக் கட்ட முடியாது. ஆய்வக நிலைக் கண்டுபிடிப்புக்குச் சிறு மானியம், ஒன்றிய அரசின் ஆய்வு நிதியை வென்றவருக்கு அவர் தர வேண்டிய பங்கில் கைகொடுப்பு, சோமர்வில்லில் உள்ள கிரீன்டவுன் லேப்ஸ் போன்ற, புது நிறுவனங்களை வளர்த்துவிடும் அடைகாப்பகங்களுக்கு ஆதரவு என்று வழக்கமான வேலைகளும் அது செய்கிறது. அவற்றை வேறு மாநில முகமைகளும் செய்கின்றன. தனியார் யாரும் தனியாகத் தொடமாட்டார்கள் என்ற வகையைச் சேர்ந்தது சோதனைக்கூடம்தான்.

ஏன் ஒரு சோதனைக்கூடம்?

2007-இல் அமெரிக்காவின் முக்கிய இறக்கைச் சோதனை வசதி கொலராடோவில் உள்ள தேசியப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி ஆய்வகத்தில் இருந்தது. சுமார் 50 மீட்டருக்கு மேல் அங்கே இடமில்லை. அதைவிடப் பெரிய சிக்கல், அது கடலிலிருந்து வெகுதூரத்தில் இருந்ததுதான். 60 மீட்டர் இறக்கையைச் சாலை வளைவுகளில் திருப்பி மலைநாட்டுக்குக் கொண்டுபோவது ஒவ்வொரு முறையும் தனிச் சாகசம். அந்த ஆண்டு ஒன்றிய எரிசக்தித் துறை போட்டி வைத்து மாசசூசெட்ஸையும் டெக்சாஸையும் தேர்ந்தெடுத்தது. இரண்டுக்கும் தலா 20 லட்சம் டாலர் மதிப்புள்ள கருவி என்பது வாக்குறுதி. டெக்சாஸ் கூடம் எழவில்லை. மாசசூசெட்ஸுக்கு 2009 பொருளாதார மீட்புச் சட்டத்திலிருந்து 2.5 கோடி டாலர் கிடைத்தது, மீதியை மாநிலம் போட்டது. பாஸ்டனின் சார்ல்ஸ்டவுன் பகுதியில், கார்கள் கப்பலில் வந்து இறங்கும் ஆட்டோபோர்ட் வளாகத்தில், 2011 மே 18 அன்று கூடம் திறக்கப்பட்டது. மூன்று சோதனை மேடைகள், 100 டன் தூக்கும் மேல்நிலைக் கிரேன், 90 மீட்டர் வரையுள்ள இறக்கைக்கு இடம்.

அன்றைய அமெரிக்க நிலக் காற்றாலைகளில் 40 மீட்டரை ஒட்டிய இறக்கைகளே சாதாரணம். கடலுக்கு என்று பேசப்பட்ட 3.6 மெகாவாட் எந்திரத்தின் இறக்கை 52 மீட்டர். 90 என்று முடிவெடுத்தவர்களை அன்று யாரும் கஞ்சர் என்று சொல்லியிருக்க முடியாது.

உள்ளே நடப்பது

ஐ.இ.சி. 61400-23 என்ற சர்வதேசத் தரத்தின்படி ஒரு இறக்கைக்கு நான்கு கட்டம்: எடை, ஈர்ப்பு மையம், இயல்பு அதிர்வெண் ஆகியவற்றை அளத்தல், நிலைச்சுமைச் சோதனை (இழுத்து வளைத்து நிறுத்திப் பார்ப்பது), அயர்ச்சிச் சோதனை (லட்சக்கணக்கான முறை ஆட்டிக் களைக்க வைப்பது), அயர்ச்சிக்குப் பின் மறுபடி நிலைச்சுமை.

முதலில் இறக்கையின் அடிப்பகுதியை எஃகுத் தகடு ஒன்றின் வழியாக மேடையோடு பூட்டுகிறார்கள். பெரிய இறக்கைக்கு நூற்றுக்கும் அதிகமான போல்ட் வரும். இவற்றைச் சாதாரண ஸ்பேனரால் முறுக்குவதில்லை. ஹைட்ராலிக் கருவியால் இழுத்து வைத்துத்தான் நட்டைப் பூட்டுவார்கள். சில ஆயிரம் சுற்று ஓடிய பிறகு இழுவிசையைத் திரும்பச் சரிபார்க்கவில்லையென்றால் ஒன்றிரண்டு போல்ட் தளர்ந்து, அதன் பங்குச் சுமை பக்கத்துப் போல்ட்டுக்குப் போய், வரிசையாக அறும். மேடையே கொஞ்சம் தலையசைக்கும் என்பதையும் மறக்கக்கூடாது. அடியில் 0.1 பாகைத் திருப்பம் 100 மீட்டர் தள்ளி நுனியில் 17 சென்டிமீட்டர் ஆகிவிடும். அதைக் கழிக்காமல் நுனி வளைவை அளந்தால், இறக்கையின் விறைப்பைக் குறைத்து மதிப்பிடுவோம்.

நிலைச்சுமைக்கு இறக்கையின் நீளவாக்கில் சில இடங்களில் சேடில்கள் மாட்டப்படும். இறக்கையின் குறுக்குவெட்டுக்குச் சரியாக அறுத்த மரப்பலகை, உள்ளே ரப்பர், வெளியே எஃகுச் சட்டம். தரையில் பதித்த வின்ச்கள் கம்பிவடத்தால் இவற்றை இழுக்கும். சுமையை 40, 60, 80, 100 சதவீதம் என்று படிப்படியாக ஏற்றி, உச்சத்தில் குறைந்தது 10 விநாடி நிறுத்த வேண்டும். காற்று தட்டையாக மோதும் ஃபிளாப் திசையில் இரண்டு பக்கம், விளிம்பு வாக்கான எட்ஜ் திசையில் இரண்டு பக்கம், ஆக நான்கு முறை. பெரிய இறக்கையின் நுனி பத்துப் பதினைந்து மீட்டர் வளைந்து நிற்பது இங்கே அதிசயம் அல்ல. அதற்கு இடம் வேண்டும் என்பதால் இத்தகைய மேடைகளில் இறக்கையின் அடியைச் சற்று மேல்நோக்கிச் சாய்த்தே பூட்டுவது வழக்கம்.

தவறுகள் பெரும்பாலும் சேடிலில்தான் தொடங்கும். பலகை வடிவம் சில மில்லிமீட்டர் பிசகினாலும் சுமை ஒரே கோட்டில் விழுந்து மேலோட்டை நசுக்கும். அந்த விரிசல் வடிவமைப்பின் குற்றமா, சோதனையின் குற்றமா என்று வாரக்கணக்கில் வாதம் நடக்கும். இன்னொன்று கம்பிவடத்தின் கோணம். இறக்கை வளைய வளைய வடம் சாயும். விசையை அளக்கும் லோட் செல் காட்டுவது வடத்தின் இழுவிசையைத்தான், இறக்கையை வளைக்கும் விசையை அல்ல. 20 பாகை சாய்ந்தால் 6 சதவீதம் காணாமல் போகும், ஆனால் திரையில் எண் சரியாகவே இருக்கும்.

அயர்ச்சியின் கணக்கு

காற்றாலை நிமிடத்துக்கு 7 சுற்று என்று வைத்துக்கொண்டால் 25 ஆண்டில் 9.2 கோடி சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் இறக்கையின் சொந்த எடை ஒருமுறை இந்த விளிம்பை இழுக்கும், ஒருமுறை அந்த விளிம்பை. இதைக் கூடத்தில் அப்படியே ஓட்ட யாருக்கும் ஆயுள் இல்லை. ஆகவே சுற்றுகளைக் குறைத்துச் சுமையைக் கூட்டுகிறார்கள். சுமை கூடினால் தாங்கும் சுற்று எவ்வளவு குறையும் என்று காட்டுவது அயர்ச்சி வரைகோடு; கண்ணாடி இழைக் கலவைக்கு அதன் அடுக்கெண்ணை 10 என்று எடுத்தால், 9.2 கோடியை 20 லட்சமாகச் சுருக்கச் சுமையை 47 சதவீதம் உயர்த்த வேண்டும். 10 லட்சமாகச் சுருக்கினால் 57 சதவீதம். அடுக்கெண் பெரிது என்பதால் சுற்றைப் பாதியாக்க இவ்வளவு குறைவாகவே விலை கொடுக்கிறோம். வம்பும் அங்கேதான் இருக்கிறது. இழைக்கு 10 பொருந்தலாம். பசைக்கும் நுரை உள்ளீட்டுக்கும் அதே எண் பொருந்த வேண்டும் என்று கட்டாயமில்லை. இழைக்குச் சரியான சோதனை, பசைக்கு மிகையாகவோ குறைவாகவோ அமைந்துவிடும்.

இறக்கையைத் தள்ளி இழுத்து ஆட்டுவதில்லை. ஊஞ்சலில் குழந்தையை ஆட்டுவது போல, அதன் இயல்பு அதிர்வெண்ணிலேயே சிறு உந்தல் கொடுத்து ஒத்ததிர்வில் ஓட்டுகிறார்கள். செலவாகும் ஆற்றல் குறைவு. ஆனால் வேகம் நம் கையில் இல்லை. 0.5 ஹெர்ட்ஸில் ஆடும் இறக்கைக்கு 20 லட்சம் சுற்று 46 நாள், அதுவும் நிற்காமல். இறக்கை நீண்டு அதிர்வெண் 0.3-க்கு இறங்கினால் 77 நாள். இது ஒரு திசைக்கு மட்டும். எட்ஜ் திசைக்குத் தனியாக. நடுவில் ஆய்வுக்கும் பழுதுக்கும் நிறுத்துவதையும் சேர்த்தால் ஒரு மேடையை ஒரே இறக்கை பல மாதம் பிடித்துக்கொள்ளும். மூன்று மேடை என்பது ஆடம்பரம் அல்ல என்பது இதிலிருந்தே தெரியும்.

ஓட்டத்தின்போது பார்க்க வேண்டிய முதல் எண் அதிர்வெண்தான். அது ஒரு சதவீதம் இறங்கினால் விறைப்பு இரண்டு சதவீதம் போய்விட்டது என்று பொருள்; எங்கோ பசை விடுகிறது, அல்லது இழை அறுகிறது. இறக்கையில் ஒட்டி அதன் நீட்சியை அளக்கும் ஸ்ட்ரெயின் கேஜை மட்டும் நம்பி உட்கார முடியாது, ஏனென்றால் இறக்கைக்கு முன்னால் கேஜ் அயர்ந்து செத்துவிடும். முக்கிய இடங்களில் இரட்டையாக ஒட்டுவது இதனால்தான். கடைசிச் சேடிலுக்கு வெளியே உள்ள நுனிப்பகுதிக்கும் சேடில் அமர்ந்திருக்கும் இடத்துக்கும் உண்மையான சுமை போகாது. அவை சோதிக்கப்பட்டதாகக் கணக்கில் வராது. சான்றிதழைப் படிப்பவர்கள் முதலில் தேட வேண்டிய வரி இது.

எட்டே ஆண்டில் குட்டையான கூடம்

2019-இல் ஜி.ஈ. நிறுவனத்தின் 12 மெகாவாட் ஹாலியேட்-எக்ஸ் எந்திரத்துக்காக எல்.எம். விண்ட் பவர் தன் பிரான்ஸ் செர்பூர்க் ஆலையில் 107 மீட்டர் இறக்கையை வார்த்தது. சோதனைக்காக ஒன்று இங்கிலாந்தின் பிளைத்துக்கும் மற்றொன்று பாஸ்டனுக்கும் போயின. 90 மீட்டருக்கென்று கட்டிய கூடத்துக்கு அது தன் அளவை மீறிய விருந்தாளி.

கூடம் குட்டையாகிவிட்டால் சோதனையாளர்களிடம் உள்ள பொதுவான உபாயம் நுனியைத் துண்டித்து, அதற்கு ஈடான எடையைத் தொங்கவிடுவது. நுனியில் சுமை எப்படியும் குறைவு, அது சோதனை எல்லைக்கு வெளியே இருப்பதும் உண்டு என்பதால் இதை ஏற்கலாம். சுவரை இடித்து நீட்டுவதுகூட அவ்வளவு கடினமில்லை. உண்மையான எல்லை மேடையின் கான்கிரீட். நீளம் 90-லிருந்து 107-க்குப் போனால் கூடுதல் 19 சதவீதம்தான். ஆனால் ஒரே வடிவத்தில் பெருக்கினால் எடை நீளத்தின் மும்மடியில் வளரும், எடையால் அடியில் விழும் வளைவுத் திருப்புத்திறன் (அடியை வளைக்கப் பார்க்கும் நெம்பு விசை) நான்காம் மடியில் வளரும். கணக்குப்படி அது இரட்டிப்பு. கார்பன் இழையும் மெலிந்த வடிவமும் இதைக் கொஞ்சம் தணிக்கின்றன. இருந்தாலும் போக்கு மாறாது. எனவே இன்னொரு மாநிலம் இப்படி ஒன்றைக் கட்டினால் எங்கள் கருத்து இதுதான்: கூரையையும் சுவரையும் இன்றைய இறக்கைக்குக் கட்டு, அடித்தளத்தையும் எதிர்விசை மேடையையும் அதைப்போல இரண்டு மடங்குத் திருப்புத்திறனுக்குக் கட்டு, நுனிப் பக்கம் 40 மீட்டர் காலி நிலத்தை விற்காமல் வைத்திரு. பட்ஜெட் இறுக்கும்போது முதலில் வெட்டப்படுவது கண்ணுக்குத் தெரியாத அடித்தளம்தான். பின்னால் திரும்பச் சேர்க்க முடியாததும் அதுவே.

நியூ பெட்ஃபோர்ட்

முனையத்தைப் பற்றிச் சுருக்கமாக. கேப் விண்டுக்காக 2013-இல் வேலை தொடங்கி 2015-இல் முடிந்தது, செலவு 11.3 கோடி டாலர், பரப்பு 29 ஏக்கர். சதுர அடிக்கு 4,100 பவுண்டு பரவலான சுமையையும், கிரேன் நிற்கும் இடங்களில் 20,485 பவுண்டு குவிசுமையையும் தாங்கும் தரை. மெட்ரிக்கில் சதுர மீட்டருக்கு 20 டன், 100 டன். சாதாரணச் சரக்குத் துறைமுகத் தரையில் இப்படி நிற்க வைத்தால் கிரேன் உள்ளே போய்விடும். அந்தத் துறைமுகச் சேற்றில் பழைய ஆலைகள் விட்ட பி.சி.பி. என்ற வேதி நச்சு கிடந்ததால், தோண்டிய மண்ணைக் கடலடிக் குழிகளில் புதைத்து மூட வேண்டியிருந்தது.

முனையம் முடியும் முன்பே, 2015 ஜனவரியில், மின்சாரம் வாங்க ஒப்புக்கொண்டிருந்த இரண்டு நிறுவனங்களும் கேப் விண்ட் ஒப்பந்தத்தை முறித்தன. 2017 இறுதியில் திட்டமே மூடப்பட்டது. முனையம் தான் கட்டப்பட்ட வேலையைப் பார்க்கத் தொடங்கியது 2023-இல், வின்யார்ட் விண்ட் வந்த பிறகு. அந்த எட்டாண்டைத் தோல்வி என்று எழுதியவர்கள் உண்டு. 2023-இல் அமெரிக்கக் கிழக்குக் கரையில் இந்தச் சுமை தாங்கும் முனையத்துக்கு எத்தனை போட்டி இருந்தது என்று அவர்கள் திரும்பிப் பார்க்கலாம். ஜோன்ஸ் சட்டத்தால் வெளிநாட்டு நிறுவுகப்பல் கரைக்கு வந்து பாகம் ஏற்றிப் போக முடியாது. பாகங்கள் அமெரிக்கப் பார்ஜில் (தட்டையான சரக்குப் படகில்) போய்க் கடலில் கைமாறின. ஆகவே முனையத்தில் நேரத்துக்கு வரிசை கட்டுவதே திட்டத்தின் நாடித்துடிப்பாக இருந்தது.

2024 ஜூலை 13

வின்யார்ட் விண்ட் திட்டத்தில் 62 காற்றாலை, தலா 13 மெகாவாட், மொத்தம் 806 மெகாவாட். இயக்கத்துக்குக் கொண்டுவரும் பணி நடந்துகொண்டிருந்தபோது ஏ.டபிள்யூ-38 என்ற காற்றாலையின் ஒரு இறக்கை முறிந்தது. ஐந்து நாள் கழித்து மீதிப் பகுதியில் பெரும்பங்கு கடலில் விழுந்தது. கண்ணாடி இழைத் துண்டும் நுரையும் நான்டக்கெட் தீவின் கரையில் ஒதுங்கின. 16-ஆம் தேதி தெற்குக் கரைகளைக் குளிக்க வருவோருக்கு மூடினார்கள். ஒன்றிய அரசின் கடல்சார் பாதுகாப்புப் பிரிவு வேலையை நிறுத்த உத்தரவிட்டது.

ஜூலை இறுதியில் ஜி.ஈ. வெர்னோவா சொன்ன காரணம்: உற்பத்தியில் விலகல், போதாத பசைப் பிணைப்பு, ஆலையின் தரச் சோதனையே இதைப் பிடித்திருக்க வேண்டும். அந்த இறக்கை கனடாவின் கியூபெக் மாநிலத்தில் காஸ்பே ஆலையில் தயாரானது. இங்கிலாந்தின் டாகர் பேங்கில் அதே ஆண்டு மே மாதத்திலும் ஆகஸ்டிலும் இதே வகை இறக்கைகள் சேதமானதையும் இதையும் ஒன்றாக்கிப் பேசுகிறவர்கள் உண்டு. மே மாதத்தது நிறுவுதலில் நேர்ந்தது, ஆகஸ்டில் நடந்தது இயக்கத் தொடக்கக் கட்டத்தில். மூன்றுக்கும் ஒரே நோய் என்று சொல்ல இடமில்லை.

பாஸ்டனில் சோதித்தும் முறிந்ததே, பிறகு கூடம் எதற்கு என்ற கேள்வி அப்போது எழுந்தது. கேள்வி நியாயமானது, விடை கூடத்துக்குச் சாதகமானது. அங்கே சோதிக்கப்பட்டது ஒரு வடிவமைப்பு. 2019-இல் செர்பூர்க்கில், எல்லார் கண்ணும் மேலே இருக்க உருவான தொடக்க இறக்கை. காஸ்பேயில் பிறகு வார்த்த இறக்கையின் பசைக்கோடு பற்றி அந்தச் சோதனைக்கு ஒன்றும் தெரியாது, தெரியவும் முடியாது. ஒரு வடிவமைப்புக்குத் தரும் வகைச் சான்றிதழை ஒவ்வொரு இறக்கைக்கும் கொடுத்த நற்சான்றாக வாசிப்பதுதான் பிழை.

இறக்கை என்பது தனித்தனியாக வார்த்த இரண்டு ஓடுகளை, நடுவில் உள்சுவர்களை நிறுத்தி, பசையால் மூடி ஒட்டும் பொருள். பிணைப்பு கெடும் வழிகள் பல. ஓட்டுக்கும் சுவருக்கும் இடைவெளி வரைபடத்தைவிட அகலமானால் பசை பிதுங்காது. உள்ளே வெற்றிடம் நிற்கும். கலந்த பசையின் வேலை நேரம் முடிந்த பின் அச்சை மூடினால் மேற்பரப்பு தோல் கட்டியிருக்கும், ஒட்டாது. தூசி, ஈரம், உரித்தெடுக்க மறந்த பாதுகாப்புத் துணித் துண்டு. பசை முழுதாக இறுகும் முன் அச்சிலிருந்து தூக்கினால் பின்விளிம்பில் மயிரிழை விரிசல். இவற்றில் வெற்றிடத்தை அல்ட்ராசவுண்ட் சுலபமாகக் காட்டிக்கொடுக்கும். இரண்டு பரப்பும் தொட்டுக்கொண்டிருந்து ஆனால் ஒட்டாத இடத்தில் ஒலி தடையின்றிப் போய்விடும். அங்கே படம் நல்ல பிணைப்பு போலவே தெரியும். அதனால்தான் படத்தோடு நிறுத்தாமல், பசை கலந்த நேரம், அச்சு மூடிய நேரம், அறை வெப்பம், ஈரப்பதம், பயன்பட்ட பசையின் எடை ஆகிய பதிவுகளையும் சேர்த்து வாசிக்க வேண்டும். கிலோ கணக்கில் குறைந்த பசை எங்கோ ஒரு வெற்றிடம்.

ஜி.ஈ. வெர்னோவா காஸ்பேயில் தயாரான சுமார் 150 இறக்கைகளின் அல்ட்ராசவுண்ட் படங்களைத் திரும்ப எடுத்துப் பார்த்தது. முன்விளிம்பு, பின்விளிம்பு, இரண்டு உள்சுவர், ஒவ்வொரு சுவருக்கும் மேலும் கீழும் என்ற பொதுவான அமைப்பை எடுத்துக்கொண்டால் ஒரு இறக்கையில் ஏறத்தாழ 600 மீட்டர் பசைக்கோடு. 150 இறக்கைக்கு 90 கிலோமீட்டர். சென்னையிலிருந்து திண்டிவனம் தாண்டாத தூரம், ஆனால் ஒவ்வொரு சென்டிமீட்டராக. பில்லில் பிடித்த அந்த 0.0005 டாலர் கட்டணத்தில் ஒரு மாநில முகமை வாங்கியிருக்கக்கூடிய அடுத்த கருவி இங்கேதான் இருந்தது என்பது எங்கள் எண்ணம். முழு இறக்கைச் சோதனையோடு, தொடர் உற்பத்தியிலிருந்து எடுத்த பசைக்கோட்டுத் துண்டுகளை வெட்டி உடைத்துப் பார்க்கும் மேடை, துறைமுகத்தில் இறங்கும் இறக்கையைக் கப்பலில் ஏற்றும் முன் ஊர்ந்துபோய்ப் படமெடுக்கும் ரோபோ. முனையமும் கூடமும் ஒரே முகமையின் கையில் இருந்தன. இரண்டுக்கும் நடுவில் சாலை வழி நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு.

2025 ஜனவரி 17 அன்று ஒன்றிய அரசு நிறுத்த உத்தரவைத் தளர்த்தியது. நிபந்தனை: ஏற்கெனவே நின்றவற்றில் 22 காற்றாலைகள் வரை மாட்டப்பட்டிருந்த காஸ்பே இறக்கைகள் அத்தனையும் இறங்க வேண்டும். ஜூலையில் நான்டக்கெட் நகரத்துக்கு ஜி.ஈ. வெர்னோவா 1.05 கோடி டாலர் இழப்பீடு தர ஒப்புக்கொண்டது.